ரத்தம் தொடாத இடம்

எனக்கு வந்தது காசநோய். ஆனால் நான் ஒரு நாள்கூட இருமவில்லை. அது நுரையீரலை விட்டுவிட்டு, மூளையைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் சவ்வில் போய் உட்கார்ந்துகொண்டது. "தலைக்குள்ள டி.பி. வருமா?" என்று இன்றும் என்னைக் கேட்கிறார்கள். வரும். எட்டு வருஷத்துக்கு முன் எனக்கு வந்தது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருவண்ணாமலை டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தேன். அப்பா அம்மா இல்லை. அடி அண்ணாமலையில் விவசாயம் பார்க்கும் அண்ணன் ஏழுமலையோடும் அண்ணி பச்சையம்மாவோடும்தான் இருந்தேன். காலையில் பஸ்ஸில் டவுனுக்கு வந்து, தலையில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு போர்டு முன்னால் உட்கார்ந்தால் மத்தியானம்வரை குரல்கள்தான். வேலூர் லைனில் எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் யார் பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும். பக்கத்து நாற்காலி ஷம்ஷாத் அக்கா, "உனக்குக் காது ரெண்டு இல்ல, நாலு" என்பார். அவர் என்னைவிட ஐந்து வயது மூத்தவர். எனக்கு வேலை கற்றுக் கொடுத்தவர் அவர்தான்.

ஆனி மாசக் கடைசியில் தலைவலி ஆரம்பித்தது. ஹெட்செட் பட்டை அழுத்துவதால் என்று நினைத்தேன். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், காலையில் குமட்டல். மாத்திரை கொடுத்த டாக்டர் டைபாய்டாக இருக்கலாம் என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். முதல் இரண்டு வாரம் இந்த நோய் எந்தக் காய்ச்சலைப்போல வேண்டுமானாலும் இருக்கும் என்று பிறகு தெரிந்துகொண்டேன். மூன்றாவது வாரம் வெளிச்சம் பொறுக்கவில்லை. பஸ் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்தால் கண்ணுக்குள் ஊசி குத்துவதுபோல இருந்தது. முந்தானையைக் கண்ணுக்குமேல் இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கடைசியாக வேலை பார்த்த அந்த நாள் பாதிதான் ஞாபகம் இருக்கிறது. போர்டில் ஒரு துளை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தெரிந்தன. அரிசி மண்டிக்காரர் மெட்ராஸ் லைன் கேட்டார். நான் இணைப்பு வயரைப் போலீஸ் ஸ்டேஷன் துளையில் செருகினேன். அவர் கத்தினார். சரி செய்கிறேன் என்று மறுபடி அங்கேயே செருகினேன். ஷம்ஷாத் அக்கா எழுந்து வந்து என் தலையிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றினார்.

"சரோஜா, இன்னா சொல்லிக்கிட்டிருக்கற நீ?"

ஒரே நம்பரைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம். அதற்குப் பிறகு ஆறு நாள் எனக்கு இல்லை. அந்த ஆறு நாளில் நடந்ததெல்லாம் அண்ணனும் ஷம்ஷாத் அக்காவும் பின்னால் சொல்லிக் கேட்டது.

ஊருக்குள்ளேயே ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே இருந்த டாக்டர் என் தலைக்கு அடியில் கை கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். கழுத்து வளையவில்லை. தலையோடு தோளும் சேர்ந்து பலகைபோல எழுந்தது. அவர் அண்ணனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, முதுகில் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று நர்ஸிடம் சொன்னார். பக்கவாட்டில் படுக்கவைத்து, முழங்கால் மார்பைத் தொடும்படி சுருட்டிப் பிடித்துக்கொண்டு, இடுப்புக்கு மேலே முதுகெலும்பின் இடுக்கில் நீளமான ஊசியை இறக்குவார்கள். மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீர் அதன் வழியாகச் சொட்டும். என் கால்களை ஷம்ஷாத் அக்கா பிடித்துக்கொண்டிருந்தார். நான் உருதுவில் திட்டியதாகச் சொல்லிச் சிரிப்பார். எனக்கு உருது தெரியாது. அவர் வீட்டில் பேசுவதைக் கேட்டது எங்கேயோ தங்கியிருந்திருக்கிறது.

நீர் தெளிவாகத்தான் வந்ததாம். அண்ணன் அதைப் பார்த்துக் கொஞ்சம் நிம்மதியானார். அதில் சர்க்கரை குறைவாகவும் வெள்ளை அணுக்கள் அதிகமாகவும் இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. மிச்சத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றி, அசைக்காமல் வைத்தார்கள். மறுநாள் காலை டாக்டர் அந்தக் குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து அண்ணனுக்குக் காட்டினார். நீருக்கு நடுவே மெல்லிசாக ஒரு நூலாம்படை தொங்கிக்கொண்டிருந்தது.

"நேத்து இது இல்லீங்களே" என்றார் அண்ணன்.

"ஆமா. வெச்சிருந்தா இப்படிப் படியும். டி.பி. மூளைக்காய்ச்சல்தான். நேரம் கடத்தாம வந்தீங்கன்னும் சொல்ல முடியல, ரொம்ப லேட்டுன்னும் சொல்ல முடியல."

அன்றே சிகிச்சை ஆரம்பித்தது. தினமும் இடுப்பில் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி. மூக்கு வழியாக விட்ட குழாயில் மாத்திரைகளைக் கரைத்துக் கொடுத்தார்கள். வீக்கம் குறைய ஸ்டீராய்டு. அண்ணன் நிலத்தில் மருந்து அடித்துப் பழகியவர். எங்கே அடித்தால் எங்கே போகும் என்று யோசிக்கிற ஆள். அவர் டாக்டரை நிறுத்திக் கேட்டார்.

"வியாதி தலையில கீது. ஊசிய இடுப்புல போடறீங்க. எப்படிங்க அங்க போய்ச் சேரும்?"

இந்தக் கேள்விக்கு டாக்டர் உட்கார்ந்து பதில் சொன்னார். அண்ணன் அதை எத்தனையோ தடவை எனக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார். டாக்டரிடம் நானும் பிறகு கேட்டிருக்கிறேன். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

"உடம்புல மத்த எடத்துல ரத்தக்குழாய்ங்க கொஞ்சம் கசியும். ரத்தத்துல இருக்கறது வெளிய போகும், வரும். மூளையில அப்படி இல்ல. குழாயோட உள்பக்கம் ஒவ்வொரு செல்லும் பக்கத்துச் செல்லோட இடுக்கே இல்லாம ஒட்டிக்கிட்டு ஒரு சுவர் மாதிரி நிக்கும். மூளை முழுக்க ரத்தம் ஓடுது. ஆனா ரத்தம் மூளையைத் தொடறதில்ல."

"அப்புறம் மூளைக்கு ஆகாரம்?"

"சர்க்கரைக்கு அந்தச் சுவர்லயே தனி வழி இருக்கு. பிராணவாயு தானா உள்ள போயிடும். மூளைக்கு வேணும்கறதை மட்டும் உள்ள எடுக்கும், வேணாததை வெளிய தள்ளும். நாம சாப்பிடறதுல எது எதுவோ ரத்தத்துல கலக்குது, உப்பு ஏறுது, எறங்குது. அதெல்லாம் மூளைக்குத் தெரியவே தெரியாது. அந்தச் சுவர் இருக்கறதாலதான் நீங்களும் நானும் இப்படி நிதானமா பேசிக்கிட்டிருக்கோம்."

"அப்ப கிருமி எப்படிங்க போச்சு?"

"எப்பவோ, சின்ன வயசுலகூட இருக்கலாம், ரத்தத்தோட வந்து ஒரு ஓரத்துல புள்ளி மாதிரி பதுங்கியிருக்கும். இத்தனை வருஷம் சும்மா இருந்தது இப்ப ஒடைஞ்சிருக்கு."

பிறகுதான் அவர் அந்த விஷயத்தைச் சொன்னார். கெட்ட கிருமியைத் தடுக்கிற அதே சுவர் நல்ல மருந்தையும் தடுக்கும். மாத்திரைகளில் ஒன்று மட்டும் சுவர் எப்படி இருந்தாலும் உள்ளே போய்விடும். ஊசி மருந்து அப்படியல்ல. இப்போது வீக்கத்தில் சுவர் இளகியிருப்பதால் ஊசி மருந்தும் உள்ளே போகிறது. குணமாக ஆகச் சுவர் மறுபடி இறுகிவிடும். அப்போது ஊசி மருந்து வெளியே நின்றுவிடும். அதுவரைக்கும்தான் ஊசி. அதோடு, அந்த ஊசி காதைக் கெடுக்கக் கூடியது. காதில் இரைச்சலோ தலைசுற்றலோ வந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டியிருக்கிறார்.

எனக்கு நினைவு வந்தபோது முதலில் தெரிந்தது அண்ணியின் கருநீலப் புடவை. அது ஜன்னலில் கட்டியிருந்தது. வெளிச்சம் என் கண்ணில் படக்கூடாது என்று அண்ணி கட்டியது. அந்த நீல இருட்டில் அவர் ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்தார். நான் "அண்ணி" என்றதும் துணியை அப்படியே போட்டுவிட்டு என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலில் தேவகி என்று ஒரு பெண் இருந்தாள். என்னைவிட ஏழு வயது சின்னவள். செங்கம் பக்கத்துக் கிராமம். அவளுக்கும் இதே நோய், இதே ஊசி. ஆனால் அவளை அழைத்து வரும்போதே நினைவு இல்லை. கண் பாதி திறந்திருக்கும். வலது கை மட்டும் விட்டுவிட்டு எதையோ பொறுக்குவதுபோல அசையும். அவள் அம்மா அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். அங்கேயும் அது அசைந்துகொண்டிருக்கும்.

எனக்கு நினைவு வந்த நான்காம் நாள் காலை, டாக்டர் வருவதற்கு முன்பே தேவகியின் கை நின்றுவிட்டது. அவள் அம்மா அதை உடனே கவனிக்கவில்லை. நான்தான் கவனித்தேன். சொல்ல வாய் வரவில்லை. மத்தியானத்துக்குள் கட்டிலைத் துடைத்து வேறு விரிப்புப் போட்டார்கள். அன்றைக்கு எனக்கு ஊசி போட வந்த நர்ஸிடம், "சிஸ்டர், தவறாம போட்டுடுங்க" என்று நானே திரும்பிப் படுத்தேன்.

அண்ணன் தினமும் விடியும்போது பாலோடு வந்துவிடுவார். "மருந்து தலைக்குள்ள போகுதாம் பாப்பா. டாக்டரே சொன்னாரு. இந்த ஊசிதான் முக்கியம்" என்பார். அவர் எனக்குச் சொன்னது அவ்வளவுதான். சுவர் இறுகிவிடும் என்பதையும், அதற்குப் பிறகு ஊசியால் பலன் இல்லை என்பதையும் சொல்லவில்லை. ஒளிக்க வேண்டும் என்று ஒளிக்கவில்லை. என்னைத் தேற்றுவதற்குத் தேவையானதை மட்டும் சொன்னார். காது விஷயத்தையும் சொல்லவில்லை. அதை நான் டாக்டர் கேட்கிற கேள்வியிலிருந்தே புரிந்துகொண்டேன்.

டாக்டர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை என்னை எதிர்ப்பக்கம் பார்க்கச் சொல்லிவிட்டுத் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி என் காதருகே கொண்டுவருவார்.

"டிக் டிக் கேக்குதாம்மா?"

"கேக்குது டாக்டர்."

"தலை சுத்துதா? காதுல ஏதாவது இரைச்சல்?"

"இல்லீங்க."

நான்காவது வாரம்வரை இந்தப் பதில்கள் உண்மை. வாரம் ஒருமுறை முதுகில் நீர் எடுத்தார்கள். ஒவ்வொரு தடவையும் அதற்கு முதல் நாளே எனக்கு முதுகு வலிக்க ஆரம்பித்துவிடும். ஆனால் காய்ச்சல் இறங்கியது. போர்வையின் கட்டம் ஒன்று ஒன்றாகத் தெரிந்தது. மூக்கிலிருந்த குழாயை எடுத்தார்கள். ரம்ஜான் மாசம் நடந்துகொண்டிருந்தது. ஷம்ஷாத் அக்கா டூட்டி முடிந்து, தண்ணீர்கூடக் குடிக்காத வாயோடு வந்து என் தலையை வாரிவிடுவார். சாயங்காலம் அவர் தம்பி பள்ளிவாசலிலிருந்து தூக்கில் கஞ்சி கொண்டுவருவார். நோன்பு திறந்து அக்கா ஒரு வாய் குடித்ததும் எனக்கு ஊட்டுவார். நோயில் நான் ருசித்துச் சாப்பிட்ட முதல் ஆகாரம் அதுதான்.

அப்படி ஒரு சாயங்காலம் கஞ்சி குடித்துவிட்டுச் சாய்ந்தபோது இடது காதுக்குள் ஒரு சத்தம் தொடங்கியது. தூரத்தில் பூச்சி கத்துவதுபோல, மேல் ஸ்தாயியில், விடாமல். வெளியே என்று நினைத்தேன். காதைப் பொத்தினேன். சத்தம் அதிகமானது.

அது என்ன என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. மறுநாள் டாக்டர் கேட்டபோது "இல்லீங்க" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். ஒரு பக்கம் என் வேலை. காது போன ஆபரேட்டரை என்ன செய்வார்கள் என்று தெரியும். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்ற அசட்டுப் பயம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் அந்தப் பக்கத்துக் கட்டில். இரைச்சல் என்று சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். ஊசி நின்றால் என் கையும் ஒரு நாள் காலையில் நின்றுவிடும். காது போனால் போகட்டும், உயிர் தங்கட்டும் என்று எனக்கு நானே ஒரு பேரம் பேசிக்கொண்டேன். யாரையும் கேட்கவில்லை.

ஒன்பது நாள் பொய் சொன்னேன். கடிகாரச் சோதனையிலும் ஏமாற்றினேன். டாக்டர் கையைக் கொண்டுவரும்போது சட்டைக் கையின் காற்று கன்னத்தில் லேசாகப் படும். பட்டதும் "கேக்குது" என்பேன். நாளுக்கு நாள் இரைச்சல் கூடியது. நடக்கும்போது தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. குழாயடியில் முகம் கழுவக் கண்ணை மூடினேன், அப்படியே விழுந்துவிட்டேன். ஓடிவந்த அண்ணியிடம், "பலவீனம் அண்ணி, வேற ஒண்ணுமில்ல" என்றேன். அண்ணி நம்பினார். அன்றிலிருந்து எனக்கு இன்னொரு டம்ளர் பால் ஜாஸ்தியாகக் கொடுத்தார்.

நோன்புப் பெருநாள் அன்று ஷம்ஷாத் அக்கா புதுப் புடவையில் வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன். என் இடது பக்கமாக வந்து நின்று கூப்பிட்டிருக்கிறார். இரண்டு தடவை, மூன்று தடவை. அவர் கை தோளில் பட்டதும்தான் திடுக்கிட்டுத் திரும்பினேன். கையில் பாயசப் பாத்திரத்தோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தவர். அவரிடம் என்னால் மறைக்க முடியவில்லை.

"எத்தினி நாளா?"

நான் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.

"சரோஜா, எத்தினி நாளா கேக்கல உனக்கு?"

"சொல்லிடாதீங்க அக்கா. ஊசிய நிறுத்திடுவாங்க."

அவர் பாத்திரத்தை ஸ்டூல்மேல் வைத்தார். "நீ சாவக் கூடாதுன்னுதான் நானும் இத்தினி நாளா ஆண்டவன்கிட்ட கேட்டுக்கிட்டிருக்கறேன். ஆனா இத்த நான் சொல்லாம வுட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு டாக்டரைத் தேடிப் போனார். போகும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

டாக்டர் வந்து, சட்டைக் கையை மேலே மடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பிடித்து, இரண்டு காதையும் வெகுநேரம் சோதித்தார். வலது காதில் சேதம் கம்மி. இடது காதில் ஏறக்குறைய ஒன்றும் மிச்சமில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டூலை இழுத்து, வலது பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார்.

"ஊசி நின்னா செத்துடுவோம்னு நெனச்சீங்களா?"

"ஆமா டாக்டர்."

"போன வாரம் எடுத்த முதுகுத் தண்ணியில சர்க்கரை ஏறியிருந்துது, அணு கொறஞ்சிருந்துது. வீக்கம் வடியுது. மூளைக்குப் போற வழி மூடிக்கிட்டே வருது. இந்தப் பத்து நாளா போட்ட ஊசியில மூளைக்குப் போனது ரொம்பக் கம்மி. காதுக்குப் போனதுதான் ஜாஸ்தி. நீங்க மொத நாளே சொல்லியிருந்தா மொத நாளே நிறுத்தியிருப்பேன். மாத்திரையே பாத்துக்கும்."

எனக்குப் புரியவில்லை. அப்போதுதான் சுவரைப் பற்றிய முழுக் கதையையும் அவர் எனக்குச் சொன்னார். அண்ணன் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். டாக்டர் சொல்லச் சொல்ல, தான் எனக்குச் சொல்லாமல் விட்ட பாதி அவருக்கு ஞாபகம் வருவது முகத்தில் தெரிந்தது. என் மூளையை அந்தச் சுவர் திரும்பச் சூழ்ந்துகொண்டிருந்தது. நான் குணமாகிக்கொண்டிருந்தேன். அந்த நாட்களில் உயிருக்கு என்று நான் கொடுத்த காது எதற்கும் பயன்படவில்லை.

"எனக்குச் சொன்னாரு பாப்பா" என்றார் அண்ணன். "நான்தான் உனக்குச் சொல்லல. நீ பயந்துக்குவன்னு." அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு வெளியே போய்விட்டார். அன்று சாயங்காலம்வரை வரவில்லை. அதற்காக நான் அவரை ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவரும் மறந்ததில்லை.

ஊசி அன்றே நின்றது. இன்னும் மூன்று வாரம் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். மாத்திரையை ஒன்றரை வருஷம் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டேன். காலையில் அண்ணி கையில் கொடுத்து, நான் விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். நோய் திரும்பவில்லை. இடது காது திரும்பவில்லை. வலது காதில் கட்டைக் குரல்கள் கேட்கும், கீச்சுக் குரல்கள் தேய்ந்துவிடும். உடம்பைச் சாயாமல் நிறுத்துவதும் உள்காதுதான் என்பதால், இருட்டில் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது. ஆபீசில் என்னைப் போர்டிலிருந்து எடுத்து வெளியூர் ட்ரங்க் கால் சீட்டுகளைச் சரிபார்க்கும் மேஜைக்கு மாற்றினார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. எதிரில் இருப்பவர்களின் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

போன மாசம் வேங்கிக்கால் பக்கமிருந்து ஒருவர் என்னைத் தேடிக்கொண்டு ஆபீசுக்கு வந்தார். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அவர் மனைவிக்கு இதே நோய், ஆஸ்பத்திரியில் சேர்த்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. யாரோ என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். இப்போது புது மாத்திரைகள் வந்துவிட்டன, ஆனாலும் அந்த ஊசியும் உண்டு என்றார். அவரை எதிரில் உட்காரவைத்து, இங்கே எழுதியதையெல்லாம் சொன்னேன். சுவரைப் பற்றி, நூலாம்படையைப் பற்றி, என் பொய்யைப் பற்றி. ஒன்றையும் பாதியில் விடவில்லை.

"டாக்டர் கேக்கறப்ப உள்ளத உள்ளபடி சொல்லச் சொல்லுங்க. பயந்துக்கினு மறைச்சா யாருக்கும் புண்ணியமில்ல" என்றேன்.

அவர் குனிந்து, "பொழைப்பாளாக்கா?" என்றார். குரல் எனக்கு எட்டவில்லை. உதட்டில் தெரிந்தது.

"தெரியலீங்க. எனக்குத் தெரியல. டாக்டருக்கும் இன்னிக்குத் தெரியாது. நான் பொழச்சேன். தேவகி பொழைக்கல."

அவர் மெதுவாகத் தலையை அசைத்தார். எழுந்து, மனைவிக்குக் கொண்டுபோகும் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று திரும்பி என்னிடம் ஏதோ சொன்னார். பின்னால் வெயில் அடித்ததால் முகம் கறுத்துத் தெரிந்தது, உதடு தெரியவில்லை. நான் எழுந்து, மேஜையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குப் போவதற்குள் அவர் தெருவில் கலந்துவிட்டார்.